பனியைப் படமெடுத்த விவசாயி

ஜரிகை இழையைப் பெரிதாகப் படமெடுக்க மைக்ராஸ்கோப் லென்ஸைக் கேமராவில் மாட்டிப் பார்க்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பிலும் உண்டு. அவர்களுக்கு முன்னோடி வில்சன் பென்ட்லி. 1865-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் பிறந்த விவசாயி மகன்.

அம்மா கொடுத்த மைக்ராஸ்கோப்பில் பனித்துகளைப் பார்த்து வரைவார். வரைந்து முடிப்பதற்குள் அது உருகிவிடும். அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. இருந்தாலும் பணம் போட்டுக் கேமரா வாங்கித் தந்தார். அதை மைக்ராஸ்கோப்போடு இணைத்தால் வேறு சிக்கல்: பின்னால் நின்று பிம்பத்தைப் பார்க்கும்போது ஃபோகஸ் திருகு கைக்கு எட்டவில்லை. சக்கரமும் கயிறும் கட்டித் திருப்பினார். (நம்மூர்த் தறிக்காரர்கள் ரசிப்பார்கள்!) முதல் படம் கிடைத்தது 1885 ஜனவரி 15-ல். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

கணப்பில்லாத கொட்டகைதான் ஸ்டுடியோ. கறுப்புத் தட்டில் விழும் துகளை, மூச்சுக்காற்று படாமல் கண்ணாடிக்கு மாற்றி, இறகால் மெல்ல அழுத்துவார். ஊரார் சிரித்தார்கள். பண்ணை வேலைக்கு நடுவே 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் 2,400-க்கு மேல் 1931-ல் புத்தகமாக வந்தன. சில வாரங்களில், பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவருக்கு நிமோனியா. டிசம்பர் 23-ல் இறந்தார்.