அண்ணலைத் தேடிய படச்சுருள்

நுழையும்முன்

வரலாற்றை ஏட்டில் எழுதுவோர் உண்டு; கல்லில் பொறிப்போர் உண்டு. படச்சுருளில் பதித்து வைக்கலாம் என்று இந்திய நாட்டில் பலரும் எண்ணிப் பார்த்திராத காலத்தில், அதனைச் செய்து காட்டியவர் ஒரு தமிழர். காந்தியடிகள் வாழ்ந்துகொண்டிருந்தபோதே அவரது வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக உருவாக்கிய ஏ.கே. செட்டியாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

செட்டிநாட்டுப் பகுதியைச் சேர்ந்த கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தவர் அ. கருப்பன். ஏ.கே. செட்டியார் என்னும் பெயராலேயே அவரைத் தமிழுலகம் அறியும். அவர் திருவண்ணாமலையில் பள்ளிக் கல்வி பெற்றார். இளமையிலேயே எழுத்தார்வம் அவரைப் பற்றிக்கொண்டது.

அக்காலத்தில் நகரத்தார் சமூகத்தினர் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று வணிகம் செய்துவந்தனர். கடல் கடந்து செல்வது அவர்களுக்குப் புதிதன்று. செட்டியாரும் கடல் கடந்தார். ஆயினும் அவரை ஈர்த்தது வணிகம் அன்று, எழுத்தும் ஒளிப்படமுமே. பர்மாவின் தலைநகராக விளங்கிய இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அதன்பின், ஒளிப்படக் கலையை முறையாகக் கற்க விரும்பி சப்பான் நாட்டுக்குச் சென்றார். டோக்கியோ நகரில் பயின்ற பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க்கிலும் அக்கலையில் பயிற்சி பெற்றார்.

கடல்நடுவே தோன்றிய எண்ணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகரை நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். நாற்புறமும் அட்லாண்டிக் பெருங்கடல். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அண்ணலின் வாழ்க்கையை ஒரு படமாக எடுத்தால் என்ன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. பெரும்பொருளோ திரைத்துறையில் செல்வாக்கோ அவரிடம் இல்லை. கற்ற கலையும் கொண்ட உறுதியுமே அவருக்குத் துணை.

இம்முயற்சியின் அருமையை உணர அன்றைய நிலையை அறிதல் வேண்டும். தமிழில் பேசும்படம் வரத்தொடங்கி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. புராணக் கதைகளே பெரும்பாலும் படங்களாயின. பாடல்கள் நிறைந்த கதைப்படங்களையே மக்கள் திரையரங்குகளில் கண்டனர். உண்மை நிகழ்வுகளைத் தொகுத்து நெடும்படமாக எடுக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றவில்லை. இந்திய அரசின் திரைப்படப் பிரிவு தொடங்கப்பெற்றது 1948-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தனிமனிதர் ஒருவர் இப்பணியை மேற்கொண்டார். மேலும், காந்தியடிகள் அன்று நாட்டை ஆண்ட ஆங்கில அரசை எதிர்த்துப் போராடியவர். அவரைப் பற்றிய படம் எப்போது வேண்டுமானாலும் தடைசெய்யப்படலாம் என்ற அச்சமும் இருந்தது.

ஆவணப்படம் என்னும் கலை

கதைப்படத்தில் கதை முதலில் எழுதப்படும். காட்சிகள் அதற்கேற்ப அமைக்கப்படும். நடிகர் பிழை செய்தால் மீண்டும் எடுக்கலாம். மழை வேண்டுமெனில் செயற்கையாகப் பெய்விக்கலாம். ஆவணப்படத்திற்கோ உண்மையாக நிகழ்ந்தவையே அடிப்படை. நிகழ்ந்து முடிந்த ஒன்றை மீண்டும் நிகழச் செய்ய எவராலும் இயலாது. தண்டிக் கடற்கரையை நோக்கி அண்ணல் நடந்த நடை 1930-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதனை ஒருவர் அன்றே படம் பிடித்திருந்தால் உண்டு, இல்லையெனில் இல்லை.

இதனைச் செட்டியார் தெளிவாக உணர்ந்திருந்தார். தாம் புதிதாக எடுக்கும் காட்சிகள் மட்டும் போதா. பிறர் முன்பே எடுத்துவைத்த காட்சிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். அக்காலத்தில் உலக நாடுகளில் செய்திப்பட நிறுவனங்கள் பல இயங்கின. அன்றாட நிகழ்வுகளைப் படம் பிடித்துத் திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன்பாகக் காட்டுவது அவற்றின் தொழில். தண்டி நடைப்பயணம், 1931-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் சென்றமை போன்றவற்றை இத்தகைய குழுக்கள் பதிவுசெய்திருந்தன. ஆனால், செய்திப்படத்தின் வாழ்நாள் மிகக் குறுகியது. ஒரு வாரம் ஓடியபின் அதற்குப் பயன் இல்லை. பின்னர் அது கிடங்கின் மூலையில் கிடக்கும், அல்லது அழிந்துபோகும். அவ்வாறு சிதறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்வதே செட்டியாரின் முதற்பணி ஆயிற்று.

உலகெங்கும் தேடல்

‘டாக்குமெண்டரி பிலிம்ஸ்’ என்னும் நிறுவனத்தின் சார்பில் இப்பணி தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் செட்டியார் அலைந்தார். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களில் அவர் நெடுந்தொலைவு பயணம் மேற்கொண்டார். கப்பலே முதன்மைப் பயண ஊர்தியாக இருந்த காலம் அது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கடிதம் சென்று மறுமொழி வரப் பல வாரங்கள் ஆகும். நேரில் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

அண்ணல் இருபத்தோர் ஆண்டுகள் தொண்டாற்றிய தென்னாப்பிரிக்காவுக்கும் அவர் சென்றார். காந்தியடிகளை உருவாக்கிய மண் அது. அறப்போர் என்னும் கருவி முதன்முதலில் வார்க்கப்பட்டதும் அங்கேதான். அம்மண்ணைக் காட்டாமல் அண்ணலின் வாழ்வைக் காட்டினால் அது வேரை விட்டு மரத்தை மட்டும் வரைந்தது போலாகும். அண்ணலோடு பழகியவர்களையும் பணியாற்றியவர்களையும் பல நாடுகளில் அவர் தேடிக் கண்டார்.

காந்தியடிகளோ ஒளிப்படக் கருவியின்முன் நின்று காட்ட விரும்பாதவர். ஆதலின் அவர் நடக்கையில், நூற்கையில், மக்களோடு பேசுகையில் இயல்பாகக் கிடைத்த காட்சிகளே படத்திற்கு உரியவை ஆயின.

இவ்வாறு சேர்ந்த படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 50,000 அடி. பல ஆண்டுகளில் பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவை அவை. அவர்களுள் ஒருவர் எடுத்தது மற்றவர்க்குத் தெரியாது. சிதறிய மணிகளை ஒரு சரத்தில் கோத்தது போல அவற்றைக் காலமுறைப்படி வரிசைப்படுத்தி, வேண்டாதவற்றை நீக்கி, ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள படமாகச் செட்டியார் அமைத்தார்.

தெரிந்து தெளிவோம்

திரையரங்குகளில் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள் அமையும். பேசும்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஆகவே, ஒரு நிமிடத்திற்கு 90 அடி படச்சுருள் தேவை. இக்கணக்கின்படி 12,000 அடி என்பது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்திற்கும் மேல். அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட்டு என்னும் வேதிப்பொருளால் ஆனவை. அவை எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளிலேயே சிதைந்து பொடியாகிவிடும்.

திரையில் அண்ணல்

1940-ஆம் ஆண்டு ஆகத்து 23-ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் ‘மகாத்மா காந்தி’ ஆவணப்படம் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிடப்பட்டது. தெலுங்கு விளக்கவுரையுடனும் அது உருவாக்கப்பட்டது. செய்தித்தாளில் அசையாப் படமாக மட்டுமே அண்ணலைக் கண்டிருந்த எளிய மக்கள், கையில் கோலூன்றி அவர் விரைந்து நடப்பதைத் திரையில் கண்டனர். எழுத்தறியாதவரும் காணத்தக்க வரலாற்று நூலாக அப்படம் விளங்கியது.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அரசின் கெடுபிடி மிகுந்தது. படம் பறிமுதல் செய்யப்படலாம் என்னும் அச்சத்தால் அதன் படிகள் மறைத்து வைக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், இந்தி விளக்கவுரையுடன் அப்படம் தில்லியில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அண்ணல் மறைந்தார். அதன்பின் அப்படத்தின் பெருமதிப்பு மேலும் விளங்கலாயிற்று. செட்டியார் மீண்டும் அமெரிக்கா சென்று அதன் ஆங்கில வடிவத்தை உருவாக்கினார். அது 1953-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாசிங்டன் நகரில் வெளியிடப்பட்டது.

பயணமும் இதழும்

தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்தவர்களுள் செட்டியார் முதன்மையானவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பது அவர்தம் நூலின் பெயர். பின்னர் அதுவே அவரைக் குறிக்கும் பட்டப்பெயர் போலவும் ஆயிற்று. சப்பான், அமெரிக்கா, கரிபியன் தீவுகள், கயானா, குடகு எனத் தாம் கண்ட நாடுகளையும் பகுதிகளையும் பற்றி எழுதினார். அவரது நடை சிறுசிறு தொடர்களால் ஆனது, எள்ளல் கலந்தது. மாளிகைகளைவிட மனிதர்களையே அவர் கண்கள் மிகுதியாக நோக்கின. உணவு விடுதியில் பரிமாறுபவர், தொடர்வண்டியில் உடன்வந்தவர், பல தலைமுறைகளுக்குமுன் புலம்பெயர்ந்த தமிழர் ஆகியோர் அவர் எழுத்தில் இடம்பெற்றனர்.

1943-ஆம் ஆண்டு முதல் ‘குமரி மலர்’ என்னும் இதழை அவர் நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். முற்காலத்தார் தமிழகத்தில் மேற்கொண்ட பயணங்களைப் பற்றி எழுதியவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவும் வெளியிட்டார். படச்சுருளைத் தேடி உலகைச் சுற்றிய அதே மனம், பழந்தாள்களைத் தேடி நூலகங்களைச் சுற்றியது எனலாம்.

தம்மை மறைத்துக்கொண்டவர்

இத்தனை செய்தும் தம்மைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. பயண நூல்களில்கூடத் தம்மை ஓர் ஓரத்தில் நிறுத்திக்கொண்டு காட்சியை மட்டுமே முன்னே வைத்தார். ஊர் ஊராகச் சென்று பிறரைப் படம் பிடித்த அவரது ஒளிப்படங்கள் சிலவே கிடைக்கின்றன. காந்தி படம் உருவான கதையை, அது வெளிவந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே ‘குமரி மலரில்’ தொடராக எழுதினார். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக அத்தொடர் வெளிவந்தது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

காணாமற்போன படம்

அவர் மறைவுக்கு முன்பே அப்படம் மக்கள் நினைவிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் சென்னைத் திரையரங்கில் ஓடிய அப்படத்தைக் காண விரும்பியவர்களுக்கு ஒரு படிகூடக் கிடைக்கவில்லை. நான்கு கண்டங்களில் சிதறிக் கிடந்தவற்றைத் தனியொருவர் ஒன்றுசேர்த்தார். ஒன்றுசேர்ந்து கைக்கு வந்ததை நம் சமூகம் காக்கத் தவறியது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி மேற்கொண்ட தேடலின் பயனாக, அமெரிக்காவிலுள்ள சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதன் ஆங்கில வடிவத்தின் படி ஒன்று கண்டறியப்பட்டது. அண்ணலைத் தேடி உலகைச் சுற்றிய படத்தை, பின்னர் உலகெங்கும் தேட வேண்டியதாயிற்று. அது கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும், தமிழ்மக்களுக்கென அவர் முதன்முதலில் வடித்துத் தந்த வடிவம் அதுவன்று.

ஓலைச்சுவடிகள் கறையானுக்கு இரையானமை குறித்து நாம் வருந்துகிறோம். படச்சுருள்களும் அவ்வாறே நம் காலத்திலேயே அழிந்தன என்பதைச் செட்டியாரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. இன்று ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கருவி உள்ளது. ஊரின் திருவிழா, மறைந்துவரும் கைத்தொழில், தாத்தா பாட்டியின் குரல் ஆகியவற்றை ஒரு நொடியில் பதிவுசெய்யலாம். பதிவுசெய்வது எளிதாகிவிட்டது; எவரை, எப்போது, எங்கே எடுத்தோம் என்று குறித்துவைத்துப் பாதுகாப்பதே இன்று அரிதாக உள்ளது. இருபத்தாறு வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் தம் காலத்தின் வரலாற்றைக் காக்க நான்கு கண்டங்களில் நெடுந்தொலைவு பயணம் செய்தார். தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள வரலாற்றைக் காப்பதற்கு இன்றைய இளைஞர் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை.