தலைப்பாகையோடு தந்தை முன்னே



குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் பிழைப்புக்காக வந்து தங்கிவிட்ட நமக்குச் சாமிதோப்பு ஒரு ராத்திரிப் பயணத்துக்கும் மேல். தறியும் கடையும் தோல் வேலையுமாக நாள் ஓடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை பதியில் கால் வைத்தால் அதுவே பெரிது. இப்படித் தூரத்தில் இருப்பவர்களின் மனதில் ஒரு பயம் மெல்ல வளர்ந்துவிடுகிறது. நடுத்தீர்வை நாளில் அய்யா கணக்குக் கேட்பாரே, பணிவிடை குறைந்துபோன நாம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்கிற பயம். வேலூர்க் கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது கை நடுங்குகிறவனைப் போல அய்யாவை நினைத்தும் நடுங்குகிறோம். அது சரிதானா என்று அய்யா வாழ்ந்த வாழ்க்கையிலேயே பார்ப்போம்.

1809ஆம் ஆண்டு, தென் திருவிதாங்கூரில் பூவண்டன்தோப்பு என்ற ஊரில் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேலிடத்தில் எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி ஆனார். பெயருக்கே அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, ஆண்கள் தலையில் துணி கட்டக் கூடாது. அரசன் முன்னால் மட்டுமல்ல, அரசனின் ஆள் முன்னாலும் குனிந்தே நிற்க வேண்டும். கோவிலுக்குள் போக முடியாத மக்கள், ஊர்ப் பேய்களுக்கு ஆடும் கோழியும் வெட்டிப் பயத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். தெய்வம் என்றாலே கொடுத்துத் தப்பிக்க வேண்டிய ஒன்று என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

24ஆம் வயதில், கடும் நோயோடு இருந்த முத்துக்குட்டியைத் தாயாரும் உறவினரும் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கி மறைந்தார். இனி இல்லை என்று உறவினர் திரும்பிவிட, தாய் மட்டும் கரையிலேயே அழுதபடி கிடந்தார். கொல்லம் 1008, மாசி 20, அதாவது 1833இல், கடலிலிருந்து வைகுண்டராக வந்தார். ஓடி வந்து அணைக்கப் போன தாயிடம், 1008 வரை உன் மகன், இனி நாராயணரின் மகன் என்று உணர்த்தினார். கடலுக்குள் நாராயணர் அவருக்குச் சொன்னதை விஞ்சை என்கிறோம். அகிலத்தில் அந்தப் பகுதி வாசிக்கப்படும்போது கவனித்துக் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் கலியை அழிக்கும் பொறுப்பும் அங்கேதான் ஒப்படைக்கப்படுகின்றன. ஆனால் அதை ஒப்படைப்பது ஒரு தகப்பன், வாங்கிக்கொள்வது அவர் பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் நாம் அய்யா, அதாவது அப்பா, என்று கூப்பிடுகிறோம்.

தெச்சணத்துக்கு வந்து ஆறு ஆண்டு தவம் இருந்தார். இரண்டிரண்டு ஆண்டாக மூன்று நிலை. கூட்டம் கூடியது. சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள், ஒரே முந்திரிக் கிணற்றில் குளித்தார்கள். இது அரண்மனைக்குப் பொறுக்கவில்லை.

1838இல் சுவாதித் திருநாள் அரசரின் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பூவுலக நீதி எப்படி நடந்தது என்று அங்கே பார்க்கலாம். குற்றம் என்ன என்று முதலில் விசாரிக்கவில்லை. நஞ்சு கலந்த பாலைக் கொடுத்தார்கள். நெருப்பில் இறக்கினார்கள். பட்டினி போட்ட புலியின் கூண்டுக்குள் விட்டார்கள், புலி தீண்டவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். உன் சாதிக்காரரோடு மட்டும் இருந்துகொள், விட்டுவிடுகிறோம் என்றார்கள்.

அய்யா இசையவில்லை. 100 நாளுக்கு மேல் சிறையில் கிடந்தவர் ஒரு சொல்லில் வெளியே வந்திருக்கலாம். தன் பிள்ளைகளில் சிலரை மட்டும் பிள்ளை என்று எழுதிக்கொடுக்க அந்தத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. அந்த மறுப்புக்குள் நீங்களும் நானும் இருக்கிறோம், தெற்கே பிறக்காதவரும் இருக்கிறார், எந்தச் சாதிக்காரரும் இருக்கிறார். 1839 மாசியில் விடுதலையாகி மக்கள் தோளில் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவர் செய்ததுதான் நம் கேள்விக்கு நேரான பதில். வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அமர்த்தினார். அன்றாடம் குளித்து, உடுத்ததைத் துவைத்து, சுத்த உணவு உண்டு வாழச் செய்தார். நோயும் வறுமையும் வந்தபோதும் அவர்கள் கைவிடப்படவில்லை, பிறகு முட்டப்பதிக்கு மாறினார்கள். பலி வேண்டாம் என்றார். காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்றார். இதில்தான் நான் பல நாள் நின்று யோசித்திருக்கிறேன். கைக்கூலி வாங்கும் நடுவன் முன்னால் ஏழைக்கு நடுக்கம் வரும், ஏனென்றால் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. எதுவுமே வாங்காத நடுவன் முன்னால், கொடுக்க இல்லையே என்று நடுங்க என்ன இருக்கிறது? தப்புச் செய்தால் கணக்கு உண்டு, அதை அய்யா மறைக்கவில்லை. கணக்குப் பார்க்கிறவர் நம்மை விலை பேசமாட்டார், அவ்வளவுதான்.

அடுத்து, தலைப்பாகை. அதிகாரி முன்னால் தலையில் துணி கட்டக் கூடாது என்று அடித்த நாட்டிலே, தெய்வத்தின் முன் தலைப்பாகை கட்டி வா என்றார் அய்யா. உலகத்தில் பல இடங்களில் தலையிலிருப்பதை எடுத்துவிட்டுச் சன்னிதிக்குப் போகிறார்கள், அது அவரவர் மரியாதை. நமக்கோ கட்டிக்கொண்டு போவதே வழிபாடு. முடிசூடும் பெயரைப் பறிகொடுத்த பிள்ளை, தன் மக்கள் எல்லோர் தலையிலும் முடி சூட்டியதாகவே எனக்குத் தோன்றும். பள்ளியறையில் கண்ணாடி. இரு பக்கமும் விளக்கு. திருநாமம் இட்ட நெற்றியோடு நிற்கிறவன் அதிலே தன்னையே பார்க்கிறான்.

1841இல் அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1851 வைகாசி 21, திங்கட்கிழமை, அய்யா வைகுண்டம் எய்தினார். திருமேனி அடக்கமான இடத்தில்தான் இன்றைய சாமிதோப்புப் பதி நிற்கிறது.

அந்திக்கு விளக்கு வைத்து வீட்டிலேயே உகப்படிப்பு படிக்கிறவர்கள், ஷிப்டு முடிந்து வந்த களைப்பிலும் முதலில் முகம் கழுவி, ஆணியில் தொங்கும் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.