போப்பையர் கொண்டு சென்ற பொருள்

ஒருவர் பல்லாண்டு குடியிருந்த வீட்டை ஒழித்துக்கொண்டு புறப்படும்போதுதான், அவருக்கு உரிய பொருள் எது, வீட்டோடு நின்றுவிடும் பொருள் எது என்பது புலனாகின்றது. கட்டிலும் நாற்காலியும் அடுத்துக் குடிவருவோர்க்கு ஆகின்றன. பாத்திரங்கள் அயல் வீடுகளுக்குப் போய்விடுகின்றன. வண்டியில் ஏறுவன சில பெட்டிகளே. கடல் கடந்து தாய்நாடு திரும்புவோர்க்கு இச்சோதனை இன்னும் கடுமையானது. கப்பலில் இடம் சிறிது; பயணச் செலவோ பெரிது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று அவர்கள் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துத் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

பாளையங்கோட்டையில் பயின்ற நமக்கு இக்காட்சி புதியதன்று. சீமையினின்று வந்து இந்நகரிலும் சுற்றிலுமுள்ள ஊர்களிலும் தொண்டாற்றியோர் பலர். அவருள் சிலர் திரும்பிச் செல்லவேயில்லை. 1820இல் இங்கு வந்த இரேனியஸ் ஐயர் 1838இல் இவ்வூரிலேயே மறைந்து, இம்மண்ணிலேயே அடக்கமாயினர். கால்டுவெல் ஐயர் 1891இல் கோடைக்கானலில் உயிர்நீத்து, தாம் எழுப்பிய இடையன்குடி ஆலயத்துள் துயில்கின்றனர். வேறு பலரோ காலம் வந்தபோது வீட்டை ஒழித்துப் பெட்டி கட்டிக் கப்பலேறினர். அங்ஙனம் சென்றோருள் தமிழ் மக்கள் நன்கறிந்தவர் ஜார்ஜ் யுக்லோ போப் என்னும் போப்பையர். இவர் வாழ்வில் வீடு ஒழித்தல் பன்முறை நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சிகளின் வழியே இவர் வரலாற்றைக் காண்பது பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

போப்பையர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24ஆம் நாள், கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிலே பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கார்ன்வால் நாட்டினர். பிழைப்பை நாடிக் கடல் கடந்து குடியேறியவர். 1826இல் அக்குடும்பம் மீண்டும் இங்கிலாந்து சேர்ந்து, பிளிமத் துறைமுகத்தில் அமர்ந்தது. தந்தையார் வணிகராகவும் கப்பல் உடையவராகவும் அங்கே விளங்கினர். ஆகவே, குடியிருந்த வீட்டை விட்டுக் கடல் கடந்து திரும்புதல் என்பது போப்பையருக்கு ஆறாம் வயதிலேயே வாய்த்த அனுபவமாயிற்று.

வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளிற் கல்வி கற்ற இவர், இந்தியாவிற் சமயத்தொண்டு புரியும் விருப்பம் கொண்டு, கப்பலேறும் முன்னரே தமிழ் பயிலத் தொடங்கினார். 1839இல், தம் பத்தொன்பதாம் வயதில், சென்னைக்கு வந்தார். அந்நாளிற் சூயஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இலேயாம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதம் கடலிற் கழித்தே இங்கு வருதல் வேண்டும். அத்தகைய பயணத்தை மேற்கொள்ளும் இளைஞர், தாம் பிறந்த வீட்டாரை மீண்டும் காண்போம் என்னும் உறுதியுடன் புறப்படுதல் அரிது.

சென்னை வந்த சில ஆண்டுகளில் இவர் ஆங்கிலிக்கன் திருச்சபையிற் சேர்ந்து, 1843இல் குருத்துவப் பணிக்கு அபிஷேகம் பெற்றார். அதற்கு முன்னரே, 1842இல், நம் பொருநை நாட்டிற்கு வந்துவிட்டார். அன்று திருநெல்வேலி ஜில்லாவிலும் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய சாயர்புரம் இவர்தம் உறைவிடமாயிற்று. சாயர் என்னும் வணிகர் பெயரால் வழங்கும் அவ்வூர் பனைகள் நிறைந்த செம்மண் தேரிக்கு அண்மையில் உள்ளது. அங்கே 1844இல் இவர் ஓர் உயர்தரக் கலாசாலையை நிறுவினார். ஊரூராய்ச் சென்று போதிக்கத்தக்க உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவதே அதன் நோக்கம். ஆங்கிலத்தோடு கிரேக்கமும் இலத்தீனும் எபிரேயமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. பனையேறுவோரும் உழவரும் பெற்ற மக்கள் அம்மொழிகளைக் கற்றமை அக்காலத்துக்கு ஒரு வியப்பேயாகும்.

போப்பையரின் புகழை மட்டும் கூறி, குறையை மறைத்தல் வரலாறு ஆகாது. ஆசிரியர் என்ற முறையில் இவர் மிகக் கண்டிப்பானவர். பிரம்பை எடுப்பதில் இவர்க்குத் தயக்கம் இல்லை. இக்கடுமை இவர்தம் வெற்றிக்குத் தடையாயிற்று என்பது இவருடன் தொண்டாற்றிய கால்டுவெல் ஐயரின் கருத்து. மாணாக்கர் இவரிடம் அன்பும் அச்சமும் ஒருங்கே கொண்டிருந்தனர் போலும்.

சாயர்புரத்து வாழ்வில் இவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1841இல் இவர் மணந்த மேரி கார்வர் அம்மையார் 1845இல் தூத்துக்குடியில் இறந்தனர். அப்போது இவருக்கு வயது இருபத்தைந்து. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1849இல், சென்னையில் ஹென்ரியெட்டா அம்மையாரை இரண்டாவதாக மணந்து, அவ்வாண்டிலேயே ஓய்வு விடுமுறையாக இங்கிலாந்து சென்றார்.

சாயர்புரத்து இல்லம் ஒழிக்கப்பட்டது அப்பொழுதேயாம். அக்காலத்திற் சீமைக்குத் திரும்புவோர் தம் மரச்சாமான்களைத் தமக்குப் பின் வருவோர்க்கு விலைக்கு விடுவர். அன்றேல் ஏலத்திற் போடுவர். சமையற்காரர் முதலிய பணியாட்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுப்பர். நூல்களைக் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் தப்புவிக்கத் தகரம் பதித்த பெட்டிகளில் அடைப்பர். இவையெல்லாம் செய்து முடிக்கத்தக்கவை. ஆனால் பெட்டியில் அடைக்கவும் இயலாது, ஏலத்தில் விடவும் இயலாது நிற்பன சில உள. ஐந்தாண்டு முன் தொடங்கிய கலாசாலை ஒன்று. தூத்துக்குடி மண்ணில் உறங்கும் மனையாள் ஒன்று. இவ்விரண்டையும் விட்டே போப்பையர் கப்பலேறினார். 1851இல் இந்தியாவுக்கு மீண்டாராயினும் சாயர்புரம் மீண்டும் இவர்தம் இல்லம் ஆகவில்லை. தஞ்சாவூரே பணிக்களம் ஆயிற்று.

தஞ்சையிற் சபைக்குள் நிலவிய சாதி வேற்றுமையை இவர் ஏற்கவில்லை. அதனாலும் பிற காரணங்களாலும் எழுந்த பூசல்கள் பல. அவற்றை விரித்துரைப்பதால் நமக்குப் பயனில்லை. அதனினும் போற்றத்தக்கது, அந்நாட்களில் இவர் தமிழ் இலக்கண இலக்கியங்களில் ஆழ்ந்து தோய்ந்தமையாம். பள்ளி மாணாக்கர்க்கும் தமிழ் பயிலும் ஐரோப்பியர்க்கும் ஏற்ற இலக்கண நூல்களை வினாவிடையாகவும் பாடங்களாகவும் இவர் எழுதி வெளியிட்டனர். அவை நெடுங்காலம் வழங்கின.

பின்னர் உதகமண்டலத்திற் பள்ளி ஒன்றை நிறுவி நடத்தினார். நீலகிரியில் வாழும் தோடரின் மொழியை ஆராய்ந்து ஒரு சிறு இலக்கணமும் எழுதினார். அது 1873இல் அச்சாயிற்று. 1864இல் காண்டர்பரி அத்தியட்சர் இவருக்கு வேத சாஸ்திர பண்டிதர் பட்டம் அளித்தார். அதன்பின் பெங்களூரிலுள்ள பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை பூண்டு சுமார் பத்தாண்டு உழைத்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை, பெங்களூர் என்று நான்கு ஊர்களிலும் குடியிருந்து, நான்கு ஊர்களிலும் வீட்டை ஒழித்தார்.

ஈற்றில், ஏறக்குறைய அறுபது வயது நிரம்பிய நிலையில், இந்தியாவை விட்டே நீங்கினார். இம்முறை சூயஸ் வழியே நீராவிக் கப்பல். பயணம் மாதக்கணக்கினின்று வாரக்கணக்காய்ச் சுருங்கிவிட்டது. ஆனால் இது திரும்பி வரும் பயணம் அன்று. நாற்பதாண்டு உழைத்து அலுத்த ஒருவர் தாயகம் சேர்ந்து, நெருப்பருகே நாற்காலியிட்டு அமர்ந்து, பழைய நினைவுகளோடு எஞ்சிய நாளைக் கழிப்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். வீடு ஒழித்த பலரின் வரலாறு அவ்வாறே முடிகின்றது. போப்பையரின் பெரும்பணியோ அங்கேதான் தொடங்கிற்று.

சில காலம் மான்செஸ்டரிற் பணிபுரிந்தபின், 1882இல் ஆக்ஸ்போர்டு நகரை அடைந்தார். அங்குள்ள சர்வகலாசாலையில் 1884இல் தமிழுக்கும் தெலுங்குக்கும் போதகராக அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்து ஆட்சிப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆங்கில இளைஞர்கள் இவரிடம் பாடம் கேட்டனர். பேலியல் கல்லூரியின் குருவாகவும் இவர் விளங்கினார்.

1886இல் திருக்குறள் முழுவதையும், ஆயிரத்து முந்நூற்று முப்பது குறளையும், ஆங்கிலச் செய்யுளாக்கி உரைக்குறிப்புக்களோடு வெளியிட்டனர். வீரமாமுனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் எல்லீஸ் துரையின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அந்நூலில் உடன் சேர்த்து, தமக்கு முன் உழைத்தோரை மறவாது போற்றினர். 1893இல் நாலடியாரின் நானூறு பாடல்களும் ஆங்கிலமாயின. 1894இல் சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலாக அச்சேற்றினார். சில ஆண்டுகளுள் அதன் பாடல்கள் சில போப்பையரின் மொழிபெயர்ப்பாய் இங்கிலாந்தில் வெளிவந்தன. தமிழ்நாட்டினின்று வீட்டை ஒழித்துச் சென்றவர், தமிழ்நாட்டில் அச்சாகும் நூல்களை எதிர்நோக்கிக் காத்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

திருவாசக மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை இவரே அந்நூலின் முன்னுரையிற் குறித்திருக்கின்றார். பேலியல் கல்லூரித் தலைவராகிய ஜோவெட் பேராசிரியரும் இவரும் ஓரிரவு கல்லூரி முற்றத்தில் உலவினர். போப்பையர் மாணிக்கவாசகரைப் பற்றி எடுத்துரைக்க, அவரது நூலை மொழிபெயர்த்து அச்சிடவேண்டும் என்று ஜோவெட் வற்புறுத்தினார். அது பல்லாண்டு பிடிக்கும், அவ்வளவு ஆயுளை முதுமையில் எதிர்பார்க்க இயலாதே என்று இவர் தயங்கினார். செய்து முடிக்க வேண்டிய பெரும்பணி ஒன்றைக் கைக்கொள்வதே நீடு வாழும் வழி, முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்று ஜோவெட் தேற்றினார். ஜோவெட் 1893இல் இறந்துபோனார். போப்பையர் உழைத்தார். திருவாசகத்தின் ஐம்பத்தோரு பகுதிகளும் ஆங்கிலமாகி, தமிழ் மூலத்தோடு 1900இல் வெளிவந்தன. தம் எண்பதாம் பிறந்தநாளாகிய ஏப்ரல் 24ஆம் நாளை அதன் முன்னுரையில் இவர் பொறித்தனர்.

இப்பணிகளை இந்தியாவில் இருந்தபோதே இவர் ஏன் முடிக்கவில்லை என்று மாணாக்கர் கேட்கலாம். பள்ளியும் சபையும் கணக்கும் வழக்குமாய் நாள் கழிந்த இடத்தில் ஓய்வு ஏது? ஆக்ஸ்போர்டில் ஓய்வு கிட்டிற்று. ஆயினும் வாய் திறந்து ஐயம் கேட்கத் தமிழ்ப்புலவர் அருகில் இல்லை. தெருவிலே தமிழ்க்குரல் இல்லை. உடன் வந்தன நூல்களும், நாற்பதாண்டு செவியில் விழுந்த தமிழுமே. அச்செல்வத்தைக் கொண்டே இவர் பணி செய்தனர்.

இவர் கூறியன அனைத்தையும் அறிஞர் ஒப்புக்கொண்டாரல்லர். திருவள்ளுவர் மயிலாப்பூரிற் கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருக்கலாம் என்று இவர் ஊகித்ததற்குச் சான்று இல்லை. ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. தம் சமயக் கொள்கையை விடாது நின்றே இவர் சைவ நூலை மொழிபெயர்த்தனர். முரண்பட்ட இடங்களை ஒளிக்கவுமில்லை. கொள்கை வேறாயினும், மாணிக்கவாசகரின் உருக்கத்தை உணர்ந்து போற்றத் தவறவில்லை. பிறர் பொருளைத் தம் பொருள்போற் பேணிய நேர்மை இது.

1906இல் இராயல் ஆசியக் கழகத்தார் இவருக்குப் பொற்பதக்கம் வழங்கினர். 1908 பிப்ரவரியில், எண்பத்தேழாம் வயதில், போப்பையர் இறந்தார். ஆக்ஸ்போர்டிலுள்ள செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தம் கல்லறையின்மேல் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்கவேண்டும் என இவர் விரும்பியதாகவும், அவ்வாறே பொறிக்கப்பட்டதாகவும் ஒரு செய்தி நம் நாட்டில் வழங்குகின்றது. மேடைதோறும் நாம் இதைக் கேட்டிருக்கின்றோம். உண்மையில் அக்கல்லின்மேல் அச்சொற்கள் இல்லை. ஆயின், அங்கு உள்ள வாசகம் அதனினும் குறைந்ததன்று. கனடாவிற் பிறந்து, பிளிமத்தில் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் இறந்த இவரை அக்கல் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்றே குறிக்கின்றது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் ஒருங்கு சேர்ந்து அதனை நாட்டினர் என்பதும் அதிலேயே காணப்படுகின்றது. தென்னிந்தியாவில் தமக்கென ஒரு வீடும் மிஞ்சாது ஒழித்துச் சென்றவருக்கு, இறுதியில் தென்னிந்தியாவே முகவரியாயிற்று.

அவர் விட்டுச் சென்றதும் வீண்போகவில்லை. சாயர்புரத்தில் 1962இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

நம் கலாசாலையிற் பயின்றோர் பலர் இன்று இலங்கையிலும் மலேயாவிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். அவருட் சிலர் விடுமுறைக்கு வந்து பெற்றோரின் பழைய வீட்டை ஒழித்துவிட்டு மீண்டும் கடல் கடக்கின்றனர். அத்தகையோர் பெட்டி கட்டும் வேளையில் போப்பையரைச் சற்றே நினைவு கூர்வாராக. விமானத்தில் ஏற்றும் சுமைக்கு எடையளவு உண்டு. நாற்பதாண்டு கேட்டுப் பேசிப் பழகிய மொழிக்கு எடை இல்லை; சுங்கமும் இல்லை. அதை விட்டுச் செல்வோரும் உண்டு. கொண்டு செல்வோரும் உண்டு. போப்பையர் கொண்டு சென்றார். தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளாது, உலகத்தார்க்கு எடுத்து வழங்கினார்.