பிராங்க்ளினின் 200 ஆண்டுக் கணக்கு

மறைந்த பெற்றோரின் பெயரிலோ வாழ்க்கைத் துணையின் பெயரிலோ ஓர் அறக்கட்டளை நிறுவ விரும்புவோர் சிலர் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. பொருளியல் பயிற்றுவித்தவன் என்பதால், எவ்வளவு தொகை வைத்தால் அது என்றென்றும் நிற்கும் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது எளிது. ஆனால், அந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன் பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையைச் சொல்வதையே நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

மின்னலை ஆராய்ந்த அறிஞராகவும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவராகவும் பிராங்க்ளினை நாம் அறிவோம். கடன் வாங்கி முன்னேறிய தொழிலாளியாக அவரை அறிந்தவர்கள் குறைவு. 1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளில் 15-ஆவதாகப் பிறந்தார் அவர். 10 வயதிலேயே பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்க்கப்பட்டார். அண்ணனோடு ஒத்துப்போக முடியாமல் 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

அங்கே பென்சில்வேனியாவின் ஆளுநர் ஒருவர், தனி அச்சகம் தொடங்கக் கடன் உறுதிக் கடிதங்கள் தருவதாக வாக்களித்து அவரை லண்டனுக்கு அனுப்பினார். கடிதங்கள் வரவே இல்லை. கையில் காசில்லாமல் லண்டன் அச்சகங்களில் வேலை பார்த்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே ஊர் திரும்பினார். பின்னர் ஒரு கூட்டாளியுடன் அச்சகம் தொடங்கினார். முதலீடு தருவதாகச் சொல்லியிருந்த கூட்டாளியின் தந்தையால் முழுத் தொகையையும் தர முடியவில்லை. கடன்காரர் வழக்குத் தொடுத்தார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் ஏலத்துக்குப் போகும் நிலை வந்தது.

அப்போது வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரு நண்பர்கள், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர், தனித்தனியே அவரிடம் வந்து வேண்டிய பணத்தைத் தர முன்வந்தனர். பிராங்க்ளின் இருவரிடமும் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டார். அச்சகம் பிழைத்தது. அதிலிருந்து வந்த செல்வத்தைக் கொண்டு 42 வயதிலேயே அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற முடிந்தது.

அவ்விரு நண்பர்களும், 1727-இல் பிராங்க்ளின் தொடங்கிய ஜூண்டோ என்ற சிறு கழகத்தின் உறுப்பினர்கள். கைத்தொழிலாளரும் சிறு வணிகரும் வாரம் ஒருமுறை கூடி ஊர் நலனைப் பற்றி விவாதித்த கழகம் அது. அந்த நட்பு வட்டத்திலிருந்தே பிலடெல்பியாவின் பொது நிறுவனங்கள் பல முளைத்தன. 1731-இல் தலைக்கு 40 ஷில்லிங் நுழைவுக் கட்டணமும் ஆண்டுக்கு 10 ஷில்லிங்கும் செலுத்திய 50 பேரைக் கொண்டு ஒரு நூலகம் உருவானது. 1736-இல் தன்னார்வத் தீயணைப்புக் குழு அமைந்தது.

1751-இல் மருத்துவமனைக்கு நிதி திரட்டியபோது அவர் கையாண்ட உத்தி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்று சட்டமன்றத்தை இசைய வைத்தார். தான் கொடுப்பது இரு மடங்காகும் என்று கண்ட ஒவ்வொருவரும் தாராளமாகக் கொடுத்தனர். ஒரு பெரும் செல்வந்தரின் கொடையைவிட, பலர் சேர்ந்து தாங்கும் அறமே ஊருக்கு உறுதியானது என்பதை இந்த அனுபவங்களில் அவர் கண்டறிந்தார்.

1785 முதல் 1788 வரை பென்சில்வேனியாவின் ஆட்சித் தலைவராக இருந்த பிராங்க்ளின், மக்களாட்சியில் பொதுப் பதவிக்கு ஊதியம் கூடாது என்ற கொள்கை உடையவர். அந்தப் பதவிக்குக் கிடைத்த ஊதியத்தை அறத்துக்கே ஒதுக்கினார். மறைவதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 1789 ஜூன் மாதத்தில், தன் உயிலுக்கு ஓர் இணைப்பு எழுதினார். பிறந்த ஊராகிய பாஸ்டனுக்கு 1,000 பவுண்டு. வாழ்வளித்த பிலடெல்பியாவுக்கு 1,000 பவுண்டு. அதற்கு அவர் சொன்ன காரணம், இளமையில் இரு நண்பர்கள் கொடுத்த கடன். அந்த உதவியைத் தனக்குப் பின் வரும் இளைஞர்களுக்கும் நீட்டிக்க விரும்பினார்.

திட்டம் இதுதான். 25 வயதுக்கு உட்பட்ட, தொழிற்பயிற்சியை முடித்த, மணமான கைத்தொழிலாளருக்கு 15 முதல் 60 பவுண்டு வரை 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். நன்னடத்தைக்குச் சான்றும் இருவரின் பிணையும் தேவை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அசலும் வட்டியுமாகத் திரும்பி வரும் பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும். இப்படி 100 ஆண்டுகளில் ஒவ்வொரு நகரிலும் 1,31,000 பவுண்டு சேரும். அதில் 1,00,000 பவுண்டை ஊருக்குப் பயன்படும் பொதுப் பணிகளுக்குச் செலவிட்டு, மீதியை மேலும் 100 ஆண்டு கடனாக வழங்கினால் 40,61,000 பவுண்டு ஆகும். அதை நகரும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளலாம். ஐந்து சதவீதக் கூட்டு வட்டியில் பணம் 100 ஆண்டுகளில் 131 மடங்காகும் என்பதால், கணக்கில் பிழையே இல்லை.

1790 ஏப்ரலில் பிராங்க்ளின் மறைந்தார். ஒரே தொகை, ஒரே நிபந்தனை, ஒரே தொடக்கம், இரண்டு நகரங்கள். பொருளியலாருக்கு இத்தகைய ஒப்பீடு எளிதில் வாய்ப்பதில்லை.

தொடக்கத்தில் இரு நகரங்களிலும் தச்சரும் கொல்லரும் கடன் பெற்றனர். ஆனால், சில பத்தாண்டுகளிலேயே தொழிற்சாலைகள் பெருகின. பயிற்சித் தொழிலாளர் என்ற முறையே தேய்ந்துவிட்டது. பிணை நிற்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. பாஸ்டன் நிர்வாகிகள் பணத்தின் பெரும்பகுதியை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முதலீடு செய்தனர். கடன் வழங்குவது ஏறத்தாழ நின்றுபோனது. பிலடெல்பியாவினர் கடன் வழங்கும் நோக்கத்தைக் கூடுதலாகப் பற்றிக்கொண்டிருந்தனர். ஆனால், வசூலில் கண்டிப்பு இல்லாததால் பல கடன்கள் திரும்பவில்லை.

நூற்றாண்டு முடிவில் பாஸ்டன் நிதி சுமார் 3,90,000 டாலராகவும் பிலடெல்பியா நிதி சுமார் 90,000 டாலராகவும் இருந்தன. பிராங்க்ளினின் மதிப்பீட்டை டாலரில் கணக்கிட்டால் ஏறத்தாழ 5,80,000. 1990-இல், 200 ஆண்டுகள் நிறைவடைந்தபோது, பாஸ்டனில் சுமார் 45 லட்சம் டாலரும் பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன.

தொகையை மட்டும் பார்ப்பவர், பாஸ்டன் வென்றது என்பார். நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன். கோல்மனும் கிரேஸும் செய்தது பணத்தைப் பெருக்கும் காரியம் அன்று. நெருக்கடியில் இருந்த ஓர் இளைஞனுக்குக் கைகொடுத்த காரியம். பணம் பெருகிய பாஸ்டனில் பல்லாண்டுகள் அந்தக் கை நீளவில்லை. கை நீண்ட பிலடெல்பியாவில் பணம் கசிந்தது. ஓர் அறக்கட்டளை இந்த இரு வழிகளிலும் தோற்கக்கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வயது, திருமணம், தொழிற்பயிற்சி, பிணை எனப் பிராங்க்ளின் இறுக்கிக் கட்டிய இடத்தில்தான் திட்டம் உடைந்தது. பெண்களும் கைத்தொழில் அல்லாத பிற வேலை செய்தவர்களும் அந்த நிபந்தனைகளால் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்தனர். எதிர்காலத் தலைமுறையிடம் முடிவை விட்டுவைத்த இடத்தில் திட்டம் தழைத்தது. நூற்றாண்டு முடிவில் எந்தப் பொதுப் பணி வேண்டும் என்பதை நகரத்தாரே தீர்மானிக்கலாம் என்றார் அவர். பிலடெல்பியாவுக்குக் குழாய்வழி நீர் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தாலும் அதைக் கட்டளையாக்கவில்லை. நூறு ஆண்டுகள் ஆவதற்கு வெகு முன்னரே அந்நகருக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. எனவே, அந்தப் பணம் ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு உதவியது.

பாஸ்டனில் அது ஒரு தொழிற்கல்விக் கூடமாயிற்று. ஆண்ட்ரூ கார்னகி ஈடான தொகை வழங்க, 1908-இல் அது திறக்கப்பட்டது. மருத்துவமனைக்காகப் பிராங்க்ளின் கையாண்ட அதே உத்தி அவருடைய நிதிக்கே பயன்பட்டது. 1990-க்குப் பின் பாஸ்டன் பணம் அந்தக் கல்விக்கூடத்துக்கே சென்றது. பிலடெல்பியாவில் தொழிற்கல்வி பயிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. வழி மாறியது, கைத்தொழில் கற்கும் இளைஞருக்கு உதவுவது என்ற நோக்கம் மாறவில்லை.

எந்தக் கல்லூரியின் பரிசளிப்பு விழாவிலும் நினைவுப் பரிசுகளின் நீண்ட பட்டியல் வாசிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் அன்போடு வைத்த தொகையின் வட்டி, இன்று ஒரு நல்ல புத்தகம் வாங்கவும் போதாது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டு, அசலை அப்படியே விட்டுவைத்தால் விலைவாசி அதை மெல்லத் தின்றுவிடும். சில பரிசுகளுக்குரிய பாடப்பிரிவே இப்போது இல்லை.

எனவே, என்னிடம் ஆலோசனை கேட்போருக்கு நான் கூறுவது இதுதான். வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அசலோடு சேருங்கள். நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள்; வழிமுறையைக் காலத்துக்கேற்ப மாற்றும் உரிமையைப் பின்வருவோருக்குக் கொடுங்கள். நிதியை ஒருவரின் பொறுப்பில் விடாமல், ஊரில் அக்கறையுள்ள சிலரிடம் ஒப்படையுங்கள். தொகை எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, அந்த ஆண்டில் யாருக்கு அது உதவியது என்பதையும் அவர்கள் ஊரறியச் சொல்லட்டும். நாம் இழந்தவரின் பெயர் கல்வெட்டில் இருப்பதைவிட, உதவி பெற்ற ஓர் இளைஞரின் வாழ்வில் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.