வளைந்த வெளியைக் கண்டறிந்த ஐன்ஸ்டீன்

மரத்திலிருந்து கனி நிலத்தில் விழுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பூமி அதனை ஈர்க்கிறது என்றார் நியூட்டன். ஆயின், இடையில் யாதொரு பிணைப்புமின்றிச் சூரியன் பூமியை எங்ஙனம் ஈர்க்கிறது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது. அதனை விளக்கியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

1879 மார்ச் 14-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1895-இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்று, மறு ஆண்டே அங்குச் சேர்ந்தார். 1900-இல் பட்டம் பெற்றும் நிலையான வேலை கிட்டவில்லை. உடன் பயின்ற மார்செல் கிராஸ்மனுடைய தந்தையின் பரிந்துரையால், 1902-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியில் அமர்ந்தார்.

1907-இல் அங்கிருந்தபோதே ஓர் எண்ணம் அவருக்கு உதித்தது. கூரையிலிருந்து விழுபவன், விழுங்கால் தன் எடையை உணர்வதில்லை. அவ்வாறாயின் ஈர்ப்பை ஒரு விசை என்று கொள்ளத்தான் வேண்டுமா?

ஓர் உவமையால் இதனை நாம் தெளியலாம். நிலநடுக்கோட்டில் இருவேறு இடங்களிலிருந்து இருவர் நேர் வடக்கே புறப்படுகின்றனர். இருவரும் இம்மியும் திரும்பாமல் நடந்தும் வடதுருவத்தில் சந்திக்கின்றனர். அவர்களை எவரும் இழுக்கவில்லை. நிலப்பரப்பு வளைந்திருப்பதே காரணம். அதுபோலவே இடமும் காலமும் இணைந்த காலவெளியைப் பொருளின் நிறை வளைக்கிறது. அவ்வளைவில் தனக்கு இயன்ற நேர்வழியில் செல்லும் பூமி, சூரியனைச் சுற்றி வருகிறது.

இதனை நிறுவ வேண்டிய கணிதத்தை ஐன்ஸ்டீன் அறிந்திருக்கவில்லை. கல்லூரியில் கணித வகுப்புகளைப் புறக்கணித்து, கிராஸ்மனின் குறிப்பேடுகளைக் கொண்டே தேறியவர் அவர். 1912-இல் பேராசிரியராக இருந்த அதே நண்பரை நாடி, ரீமனின் வடிவகணிதத்தைக் கற்றார். சூரியனருகே விண்மீன் ஒளி வளையும் அளவை 1911-இல் அவர் பாதியாகவே கணித்திருந்தார்; 1915 நவம்பரில் அப்பிழையைத் தாமே திருத்தினார். நூற்றாண்டுக்கு 43 விகலை அளவு புதன் கோளின் பாதை பிறழ்வதற்கும் அப்போது விளக்கம் கிடைத்தது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் ஆங்கிலேய வானியலார் எடுத்த படங்கள், ஒளி வளைவதை உறுதி செய்தன. அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். 1946-இல், கறுப்பின மாணவர்கள் பயின்ற லிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, நிறவேற்றுமையை ஒரு நோயெனக் கண்டித்தார். அத்துடன் அமையாது, அம்மாணவர்களுக்குத் தம் சார்பியல் கொள்கையையும் விளக்கினார். 1955 ஏப்ரல் 18-இல் மறைந்தார். அவர் கணித்த காலவெளியின் அலைகள் 2015-இல் கருவிகளில் பதிவாயின.

தேர்வில் தோற்றவர், வேலைக்கு அலைந்தவர், அறியாததை நண்பனிடம் கேட்டுக் கற்றவர், தம் பிழையைத் தாமே திருத்தியவர் அவர். கடினமான கணிதம் நமக்குரியதன்று என்று நம் இளைஞர் எவரும் ஒதுங்க வேண்டா. உயர்ந்த அறிவு எல்லார்க்கும் உரியது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.