நம் வீட்டு ஃபைபர் வயரும் சர் சி.வி. ராமனும்

உங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் வயருக்குள் தலைமுடி போன்ற ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. அதில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஒளியையே சற்றுத் தாமதப்படுத்த முடியும் என்றால் நம்புவீர்களா? அதற்குக் கைகொடுக்கும் விளைவுகளில் ஒன்று, திருச்சியில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அன்று பிள்ளைகள் கேட்டால் நீங்கள் சொல்வதற்காக அவர் கதை இதோ.

1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார் சந்திரசேகர வெங்கட ராமன். அப்பா ஆசிரியர். அவருடைய வேலை காரணமாக விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வெளியானது. ஆனால் அன்றைய இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார்.

அங்கே பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அன்று முதல் ஆபீசுக்கு முன் காலையிலும், ஆபீஸ் முடிந்து இரவு வரையிலும் அங்கேதான் ஆராய்ச்சி. ஆண்டுகள் பல இப்படியே ஓடின. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. சம்பளம் கணிசமாகக் குறையும் என்று தெரிந்தும் அரசு வேலையை விட்டார்.

1921இல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் அதுவரை சொல்லிவந்தார்கள். கையிலிருந்த ஒரு சிறு பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று புரிந்துகொண்டார்.

ஏழு ஆண்டுகள் அதே தேடல். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். சூரிய ஒளியை வடிகட்டி ஒரே நிறமாக்கித் திரவங்களில் பாய்ச்சினார்கள். ஏறத்தாழ அறுபது திரவங்கள். 1928 பிப்ரவரி 28 அன்று உறுதியானது: சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. மூலக்கூறுகளின் அதிர்வு அந்த ஒளியின் ஆற்றலில் கொஞ்சம் எடுத்துக்கொள்வதுதான் காரணம். கோடியில் ஒரு பங்கு அளவே இருக்கும் மங்கலான ஒளி அது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் உழைப்பையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த மங்கல் ஒளி லேசர் வந்தபின் வலுப்பெற்றது. இழைக்குள் ஒரு வலுவான லேசரைச் செலுத்தி, செய்தி சுமக்கும் ஒளித்துடிப்பின் நிறத்தை ராமன் கண்ட நிறமாற்றத்துக்குப் பொருந்த வைத்தால், லேசரின் ஆற்றல் துடிப்புக்குப் போய்ச் சேரும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் இழையில் இந்தச் சிறு விளைவு சேர்ந்து பெரிதாகிறது. நெடுந்தொலைவுக் கேபிள்களில் ஒளியைப் பெருக்க இது பயன்படுகிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அந்த நிறத்தையொட்டி இழையின் ஒளிவிலகல் எண் மாறுவதால், துடிப்பு சற்றுப் பின்தங்குகிறது. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவதுபோல, லேசரைக் கூட்டினால் தாமதம் கூடும். 2005இல் ராமன் விளைவைக் கொண்டும், கண்ணாடிக்குள் எழும் ஒலி அலைகளில் ஒளி சிதறும் பிரில்லுவன் விளைவைக் கொண்டும் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ராமன் வழியில் கிடைத்த தாமதம் விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவு சிறு தாமதம் எதற்கு? நம் கேட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கார் வந்தால் செக்யூரிட்டி ஒன்றை நிறுத்துகிறார் அல்லவா? ஒரே சந்திப்புக்கு வரும் இரண்டு செய்திகளில் ஒன்றை, மின்சாரமாக மாற்றாமல் ஒளியாகவே காக்க வைப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் ஆசை. அது இன்னும் நம் வீட்டு இணைப்புக்கு வரவில்லை.

ராமன் 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார். தொலைத்தொடர்புக்கு ஏற்ற கண்ணாடி இழை முதலில் உருவானதும் அதே ஆண்டில்தான். தன் கண்டுபிடிப்பு அந்த இழைக்குள் செய்யும் வேலையை அவர் பார்க்கவில்லை. சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அவர் பின்தொடர்ந்த மங்கல் ஒளி, இன்று ஊர்களையும் நாடுகளையும் இணைக்கும் கேபிள்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது.