இருளில் ஒளி கண்ட திரு. வி. க.

சிவமயம்

ஆலங்குடி என்னும் பெயரைக் கேட்ட அளவில் சோழநாட்டுக் குருத்தலத்தை நினைவார் பலர். நம் ஆலங்குடியோ புதுக்கோட்டைச் சீமையில், நாமபுரீசப் பெருமான் அம்மையோடு எழுந்தருளி அருள்பாலிக்கும் பதி. அப்பெருமான் திருக்கோயிற் குடமுழுக்கினை முன்னிட்டு வெளிவரும் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் திருப்பணி அன்பர்கள் பணித்தபோது, அடியேன் உள்ளத்தில் முதற்கண் தோன்றியது ஒரு காட்சி.

குடமுழுக்கு நாளில் மக்கள் அனைவரும் அண்ணாந்து விமானக் கலசத்தை நோக்கி நிற்பர். அக்கூட்டத்தின் ஓரத்தே முதியவர் சிலர், மகன் கையையோ பேர்த்தி தோளையோ பற்றிய வண்ணம் நிற்பர். கலசத்தில் நீர் சொரிவதை அவர்தம் கண்கள் காணமாட்டா. மேளவொலி உயர்வதைச் செவியால் உணர்ந்து, தெளிக்கும் நீர்த்துளி நெற்றியிற் பட்டபோது, முழுக்கு நிறைவேறியது என்று கைகூப்புவர். அத்தகைய முதியோரை எண்ணியே, முதுமையில் கண்ணொளி இழந்தும் பணி குன்றாது வாழ்ந்த சான்றோர் ஒருவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன். அவர் தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் ஆவர்.

ஆரூர்த் தொடர்பு

திரு. வி. க. என்னும் எழுத்துக்களில் முதலில் நிற்பது திருவாரூர். அவர்தம் முன்னோர் அவ்வூரினர். அவ்வூருக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சைவர்கள் நன்கு அறிவர்.

திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்த நம்பியாரூரர், அச்சூளைக் கடந்து ஊரெல்லை நீங்கியபோது இரு கண்ணும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கண்ணை வழங்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றை வழங்கினான். பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் அருளினான். அதே ஆரூரில், பிறவியிலேயே பார்வையில்லாத தண்டியடிகள் நாயனார் திருக்குளம் தோண்டினார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து சென்று கொட்டினார்.

இவ்விரு வரலாறுகளிலும் கண் பெற்ற முடிவையே நாம் பெரிதும் போற்றுகிறோம். கண் பெறுமுன் ஒருவர் கையில் இருந்த கோலையும், மற்றவர் கையில் இருந்த கயிற்றையும் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. திரு. வி. க. வாழ்வை நோக்கும்போது, கோலும் கயிறும்கூட அருளின் வடிவங்களே என்பது தெளிவாகும்.

பிறப்பும் இளமையும்

இவர் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் விருத்தாசல முதலியாருக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். அவ்வூர் தண்டலம் எனவும் வழங்கும். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் வாழலாயிற்று. வெஸ்லி பள்ளியிற் பயிலும் இளம்பருவத்தே கொடிய நோயுற்றுக் கைகால் முடங்கப் பெற்றார். அதனால் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கல்வி தடைப்பட்டது. ஒத்த சிறார் ஓடியாடும் வயதில், பிறர் துணையின்றி இயங்கமாட்டாத நிலை இன்னது என்பதை அவர் அறிந்தார். முதுமையில் வந்த சோதனை அவருக்கு முதற்சோதனை அன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மீண்டும் பள்ளி சேர்ந்தபின், யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை அவர்கள் ஆசிரியராக வாய்த்தார். அப்பெரும்புலவர் வழியே தமிழும் சைவமும் இவர் உள்ளத்தில் வேரூன்றின. 1904ஆம் ஆண்டில், அருட்பா குறித்து எழுந்த வழக்கில் ஆசிரியர்பொருட்டுச் சான்று கூற நீதிமன்றம் சென்றமையால், பள்ளியிறுதித் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. பள்ளிக் கல்வி அத்துடன் நின்றது. பட்டம் இல்லையே என்று அவர் சோர்ந்தாரல்லர். மயிலைத் தணிகாசல முதலியார் முதலிய பெரியோரிடம் தமிழும் சைவ நூல்களும் பாடங்கேட்டார். இளமையிலேயே பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வரைந்தார். நம்பியாரூரர் கோலூன்றிச் சென்ற வழியையும், தண்டியடிகள் கயிறு தடவிய துறையையும் அன்றே சொல் சொல்லாக ஆய்ந்து உள்ளத்திற் பதித்துக்கொண்டவர் அவர்.

பொதுப்பணி

கணக்கர் வேலையும் ஆசிரியப் பணியும் சில ஆண்டுகள் பார்த்தார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர், 1917ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பணியைத் துறந்து தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். 1920 முதல் நவசக்தியை நடத்தினார். அரசியல் எழுதுதற்கும் தமிழ் போதும் என்று நாடு உணர்ந்தது இவர் எழுதுகோலால் என்பது மிகையன்று. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்திய நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது. பி. பி. வாடியா தலைவராய் விளங்கிய அச்சங்கத்தில் இவர் துணை நின்று உழைத்தார்.

அவ்வாண்டே அவர் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. 1912இல் கைப்பிடித்த மனைவியார் கமலாம்பிகை அம்மையார், ஆறாண்டு இல்வாழ்க்கைக்குப் பின் 1918இல் இறைவனடி சேர்ந்தார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே மறைந்தனர். அப்போது திரு. வி. க.வுக்கு வயது முப்பத்தைந்து. மறுமணம் புரியாது எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டுகளையும் பொதுப்பணிக்கே ஈந்தார். தனித்து வாழ்ந்தவர் தனிமையில் உறையவில்லை; தமையனார் உலகநாத முதலியாரின் அன்பும், சாது அச்சுக்கூடத்துப் பணியும், தொழிலாளர் கூட்டமும், மாணாக்கர் சுற்றமும் அவருக்குக் குடும்பமாயின. முதுமைக்கு வேண்டும் துணையைப் பலர் முதுமை வந்தபின் தேடுகின்றனர். இவரோ இளமை முதலே அன்பினால் ஈட்டி வைத்தார்.

எழுத்துப்பணியும் இடையறாது நடந்தது. முருகன் அல்லது அழகு 1925இலும், பெண்ணின் பெருமை 1927இலும் வெளிவந்தன. அறுபது கடந்தபின் 1944இல் வாழ்க்கைக் குறிப்புகள் என்னும் தன்வரலாற்றை அளித்தார். அறுபத்து நான்காம் வயதிலும் ஓய்ந்தாரில்லை. 1947இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அரசினர் அவரை வீட்டுக்காவலில் வைத்தனர். அவர் உழைத்துப் பெற்ற விடுதலை வாயிலுக்கு வந்த ஆண்டில், அவர் தம் வீட்டு வாயிலைக் கடக்க இயலாதிருந்தார்!

கண்ணொளி மறைந்தமை

இதன்பின் வந்தது இறுதிச் சோதனை. நூல்களையே உயிராகக் கொண்டவருக்குக் கண்ணொளி குன்றிற்று, பின் மறைந்தது. அச்சுப்படி திருத்துவது எங்ஙனம்? மேற்கோளைத் தேடுவது எங்ஙனம்? எழுதிய வரியை மீண்டும் நோக்குவது எங்ஙனம்? அரை நூற்றாண்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு இக்கேள்விகள் உயிரைத் தொடுவன.

அவர் செய்தது யாது? தாம் சொல்ல, அன்பர்கள் எழுதினர். அன்பர் படிக்க, தாம் கேட்டார். பெரும்பாலும் உரைநடையை விட்டுச் செய்யுளைக் கைக்கொண்டார். இதில் ஒரு நுட்பம் உளது. நெடிய உரைநடை எழுதுவோன் முன்னெழுதிய பக்கத்தைத் திரும்ப நோக்கல் வேண்டும். செய்யுளோ சீரும் தளையும் எதுகையும் உடையது. ஓரடி அடுத்த அடியைத் தானே நினைவூட்டும். கண் இல்லாமலே மனத்துள் கட்டி முடித்து, முழுப்பாட்டாக வெளியே எடுக்கலாம். தண்டியடிகளுக்குத் தறியிற் கட்டிய கயிறு எவ்வாறோ, அவ்வாறே திரு. வி. க.வுக்கு யாப்பு அமைந்தது. அதனைத் தடவிக்கொண்டே அவர் தமிழ்க்குளம் தோண்டினார்.

அந்நாளில் எழுந்த நூல்களின் பெயர்களே அவர் மனநிலையைக் காட்டும். 1950இல் இருளில் ஒளி, இருமையும் ஒருமையும் என்பன வந்தன. 1951இல் அருகன் அருகே, பொருளும் அருளும், சித்தந் திருத்தல், முதுமை உளறல் ஆகிய நான்கு நூல்கள் வெளிவந்தன. 1953இல் வளர்ச்சியும் வாழ்வும் வெளிவந்தது. அதற்குப் படுக்கைப் பிதற்றல் என்று மற்றொரு பெயரும் சூட்டினார்.

உளறல், பிதற்றல் என்று தம் நூலுக்குத் தாமே பெயரிட எத்துணைப் பணிவு வேண்டும்! முதியோர் பேச்சை இளையோர் அவ்வாறு எண்ணுவர் என்பதை அறிந்தே, அச்சொல்லைத் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்டார். ஏற்றபின் அதில் இழிவு ஏது? மேலும், பொருளும் அருளும் என்னும் நூல் மார்க்சியத்தையும் காந்தியத்தையும் ஒருங்கு ஆராய்வது. அருகன் அருகே சமண நெறியைப் போற்றுவது. கண் மூடிய நிலையிலும் அவர் உள்ளம் கதவடைக்கவில்லை. பழையதை மட்டும் அசைபோட்டிருக்கும் முதுமை அன்று அது. புதியதை ஆராயும் முதுமை.

1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், எழுபதாண்டு நிறைந்த சின்னாட்களில், அவர் இறைவன் திருவடி நிழலை எய்தினார். நம்பியாரூரருக்கு ஆரூரில் மீண்ட ஒளி அவர் புறக்கண்ணுக்கு மீளவில்லை. அவர் பெற்றது ஊன்றுகோல் ஒன்றே. அக்கோலைக் கொண்டே பயணத்தை முடித்தார்.

நாம் கொள்ளத்தக்கன

திரு. வி. க. காலத்துக்குப் பின் கண் மருத்துவம் பெரிதும் வளர்ந்துளது. 1949ஆம் ஆண்டு இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள்ளே செயற்கை வில்லையைப் பொருத்திக் காட்டினார். நம் மதுரையில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், பணி ஓய்வுக்குப்பின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று கண்புரையை நீக்கி வில்லை பொருத்துவது எளிய மருத்துவமாயிற்று. ஆதலின் புரை படர்ந்த கண்ணை ஊழ்வினை என்று விட்டுவிடுதல் அறியாமை. நீரிழிவு உடையோர் ஆண்டுதோறும் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தல் வேண்டும். கண் அழுத்த நோயோ வலியின்றிக் கள்வன்போல் வருவது. அதனால் இழந்த பார்வை மீளாது, உள்ளதைக் காக்கவே மருந்து உதவும்.

இக்கடைசி வரியை அடியேன் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. எழுபத்தைந்து அகவை கடந்த எளியேனுக்கும் அந்நோயே வாய்த்தது. திருமடத்துக் கல்லூரியில் பயின்ற நாளில், தேவாரப் பதிகங்களை ஒப்புவிக்காமல் உணவுக்கு எழுந்திருக்க ஆசிரியர் இசையார். அன்று அதனைக் கொடுமை என்று எண்ணினேன். இன்று எழுத்து மறைந்தபின், அப்பதிகங்களே நாள்வழிபாட்டுக்கு என்னிடம் எஞ்சிய செல்வம். ஆயினும் முதன்முறை பேரனிடம் நூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, சினமும் நாணமும் பொங்கின. அவன் ஒரு சொல்லைப் பிழையாகப் படிக்க, கடிந்துகொண்டேன். அவன் நூலை மூடிவைத்து அப்பாற் போயினான். அன்றிரவு திரு. வி. க.வை நினைந்தேன். கோல் தந்தவனைக் கோலாலேயே அடித்தேன் அல்லனோ என்று வருந்தினேன். மறுநாள் அவனை அருகழைத்து, பிழையைப் பொறுமையோடு திருத்தினேன். இக்கட்டுரையும் அடியேன் சொல்ல அவன் எழுதியதே. தண்டியடிகள் வரலாறு அவனுக்கு இப்போது நன்கு தெரியும்.

திருப்பணிக்குப் பொருளீந்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோபுரம் ஓங்கிற்று, கலசம் பொலிகிறது. இவற்றோடு, திருக்கோயிற் படிகளின் விளிம்பில் வெண்மைக் கோடு தீட்டவும், கைப்பிடிக் கம்பி அமைக்கவும், திருச்சுற்றில் நல்விளக்கு வைக்கவும் மனங்கொள்க. கிழமைக்கு ஒருநாள் மாலை, ஊர்ப் பிள்ளைகள் சிலர் திருமுறையையும் நாயன்மார் வரலாற்றையும் உரக்கப் படிக்க, பார்வை குன்றிய முதியோர் சூழ இருந்து கேட்க வழிசெய்க. படிப்பவருக்குத் தமிழ் வரும். கேட்பவருக்குத் துணை வரும்.

முதியோரே, கை கொடுப்பார் உளராயின் நாணாது பற்றுங்கள். இளையோரே, உங்கள் கை இறைவன் வழங்கும் ஊன்றுகோல் என்று அறிந்து நீட்டுங்கள். கலசத்தைக் காண்பார்மேலும் காணாதார்மேலும் முழுக்கு நீர் ஒன்றுபோலவே தெளிக்கும். நாமபுரீசப் பெருமான் திருவருள் அனைவர்க்கும் ஆகுக.

திருச்சிற்றம்பலம்